தண்டர்பேர்டில் பல கணக்குகள், பல முகவரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஜிமெயில் ஒன்று, அலுவலக முகவரி ஒன்று, கடைக்கோ அறக்கட்டளைக்கோ வாங்கிய டொமைனில் இரண்டு மூன்று. இத்தனையையும் கணினியில் மொசில்லா தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் வைத்துப் புழங்குகிறவர்களுக்கான பக்கம் இது. பெரும்பாலோர் ஆங்கிலத் திரையையே வைத்திருப்பதால், மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். 115ஆம் பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் வைத்திருப்பவர்களுக்கு இதில் உள்ள வழிகள் பொருந்தும்.

கணக்கு, ஐடென்டிட்டி, அனுப்பும் சர்வர் என்று மூன்று சொல்கிறார்களே, மூன்றும் வேறு வேறா?

வேறு வேறுதான். இந்தப் பக்கத்துக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகின்றன.

கணக்கு என்பது வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டி. கடிதங்கள் வந்து விழும் இடம். அதற்கென்று ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், பெறும் சர்வர் உண்டு. ஐடென்டிட்டி என்பது நீங்கள் அனுப்பும் உறையின் மூலையில் எழுதும் "அனுப்புநர்" வரி: பெயர், முகவரி, கையொப்பம். ஒரு பெட்டிக்கு எத்தனை ஐடென்டிட்டி வேண்டுமானாலும் இருக்கலாம். அனுப்பும் சர்வர், அதாவது எஸ்எம்டிபி, உங்கள் உறையை வாங்கிக்கொள்ளும் தபால் ஆபீஸ். தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வர்கள் கணக்குகளோடு சேராமல் தனிப் பட்டியலாக இருக்கும். "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" பக்கத்தின் இடது ஓரத்தில், எல்லாக் கணக்குகளுக்கும் கீழே "அவுட்கோயிங் சர்வர்" என்று பாருங்கள்.

எந்த ஐடென்டிட்டி எந்த அனுப்பும் சர்வர் வழியாகப் போகிறது என்ற இணைப்பை நீங்கள்தான் சரியாகப் போட வேண்டும்.

இன்னொரு முகவரி கிடைத்திருக்கிறது. புதுக் கணக்காகச் சேர்ப்பதா, ஐடென்டிட்டியாகச் சேர்ப்பதா?

அந்த முகவரிக்குத் தனிக் கடவுச்சொல்லும் தனி இன்பாக்ஸும் இருக்கிறதா? இருந்தால் புதுக் கணக்கு. அதற்கு வரும் அஞ்சல் ஏற்கெனவே உள்ள பெட்டியிலேயே விழுகிறது என்றால் ஐடென்டிட்டி போதும்.

ஒரு கடையின் டொமைனில் "இன்ஃபோ", "சேல்ஸ்", "அக்கவுண்ட்ஸ்" என்று மூன்று முகவரிகள் இருக்கும். ஹோஸ்டிங் பேனலில் (டொமைனின் அஞ்சலை நடத்தும் நிறுவனம் தரும் நிர்வாகப் பக்கம்) மூன்றையும் தனித்தனி மெயில்பாக்ஸாக உருவாக்கியிருந்தால் மூன்று கணக்குகள். "இன்ஃபோ" மட்டும் மெயில்பாக்ஸ், மற்ற இரண்டும் ஏலியஸ் (அதே பெட்டிக்கு இன்னொரு பெயர்) அல்லது ஃபார்வர்டு (வருவதை அந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடுவது) என்றால் ஒரு கணக்கு, மூன்று ஐடென்டிட்டிகள். ஏலியஸைக் கணக்காகச் சேர்க்க முயன்றால் கடவுச்சொல் தவறு என்று வரும், ஏனென்றால் அந்தப் பெயரில் பெட்டியே கிடையாது. உண்மையான பெட்டியின் பயனர் பெயரைப் போட்டுச் சேர்க்கப் பார்த்தால், அதே பயனர் பெயரும் அதே சர்வரும் ஏற்கெனவே இருக்கின்றன என்று தண்டர்பேர்டு மறுத்துவிடும். அது பிழையல்ல, சரியான மறுப்பு.

ஐடென்டிட்டி சேர்ப்பது எப்படி?

இடது பக்கப் பட்டியலில் கணக்கின் பெயர்மேல் வலது சொடுக்கு, "செட்டிங்ஸ்". திறக்கும் பக்கத்தில் "மேனேஜ் ஐடென்டிட்டீஸ்" பொத்தான், பிறகு "ஆட்".

"யுவர் நேம்", "ஈமெயில் அட்ரஸ்" இரண்டும் கட்டாயம். "ரிப்ளை-டு" பெட்டியைக் காலியாக விடுங்கள். பதில் வேறொரு முகவரிக்கு வர வேண்டும் என்றால் மட்டுமே அது தேவை. அனுப்பும் முகவரியையே அங்கேயும் எழுதி வைப்பவர்கள் பலர், அதனால் ஒரு பயனும் இல்லை. பின்னால் முகவரியை மாற்றும்போது இதை மட்டும் மறந்துவிட்டு, பதில்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து "அவுட்கோயிங் சர்வர்". இதைத் தொடாமல் விட்டால் தாய்க் கணக்கின் சர்வரோ டிஃபால்ட் சர்வரோதான் இருக்கும். முகவரி வேறு டொமைனைச் சேர்ந்தது என்றால் இங்கே நிறுத்தி, அந்த டொமைனின் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் முதலில் "அவுட்கோயிங் சர்வர்" பகுதியில் அதைச் சேர்த்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

"ஐடென்டிட்டி லேபிள்" என்ற சிறு பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயர் ஒன்றே, முகவரிகள் நான்கு என்னும்போது, "கடை", "வீடு" என்று தமிழிலேயே ஒரு சொல் எழுதி வைத்தால் எழுதும் சாளரத்தின் "ஃப்ரம்" பட்டியலில் அது தெரியும். கண் தவறுவது குறையும்.

பதில் எழுதினால் தவறான முகவரியிலிருந்து போய்விடுகிறது. ஏன்?

பதில் எழுதும்போது தண்டர்பேர்டு, வந்த அஞ்சலின் "டு", "சிசி" வரிகளில் உங்கள் ஐடென்டிட்டிகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுகிறது. அந்த அஞ்சல் இருக்கும் கணக்குக்குரிய ஐடென்டிட்டிகளைத்தான் பார்க்கும். கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கின் முதன்மை ஐடென்டிட்டியைப் போட்டுவிடும்.

ஆகவே உங்கள் முகவரி "டு", "சிசி" வரிகளில் இல்லாத அஞ்சல்களில்தான் தடுமாற்றம் வரும். யாரோ "பிசிசி"யில் உங்களைச் சேர்த்திருக்கலாம். குழு அஞ்சலாக இருக்கலாம், அங்கே "டு" வரியில் குழுவின் முகவரிதான் நிற்கும். பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஓர் ஏலியஸுக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் அந்த அஞ்சலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+யூ அழுத்துங்கள். மூல வடிவம் திறக்கும். மேலே "டெலிவர்டு-டு", "என்வெலப்-டு", "எக்ஸ்-ஒரிஜினல்-டு" போன்ற வரிகளில் ஏதாவது ஒன்றைக் காணலாம். பெறும் சர்வர் எழுதி வைக்கும் வரிகள் இவை. அஞ்சல் உண்மையில் எந்த முகவரிக்கு வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலும் இங்கே இருக்கும். அடுத்த கேள்வியில் சொல்லும் அமைப்பு இந்த வரிகளையும் படிக்கும்.

"லோக்கல் ஃபோல்டர்ஸ்" பகுதிக்கு நகர்த்தி வைத்த பழைய அஞ்சல்களுக்குப் பதில் எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. அவை எந்தக் கணக்கிலும் இல்லாததால், பொருந்தும் முகவரி கிடைக்காதபோது டிஃபால்ட் கணக்கின் முகவரி வந்து உட்காரும். "சென்ட்" அழுத்துமுன் "ஃப்ரம்" வரியை ஒருமுறை பார்க்கும் பழக்கம் இங்கே மிகவும் உதவும்.

என் டொமைனில் எந்தப் பெயருக்கு எழுதினாலும் ஒரே பெட்டியில் விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐடென்டிட்டி போட வேண்டுமா?

வேண்டாம். ஐடென்டிட்டியின் அமைப்புப் பக்கத்தில் "ரிப்ளை ஃப்ரம் திஸ் ஐடென்டிட்டி வென் டெலிவரி ஹெடர்ஸ் மேட்ச்" என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்து, பக்கத்தில் நட்சத்திரக் குறி, அட் குறி, டொமைன் பெயர் மூன்றையும் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள்: *@கடை.இன் என்பது போல. இனி "பில்" என்ற முகவரிக்கு வந்த அஞ்சலுக்குப் பதில் எழுதினால், "ஃப்ரம்" வரியில் "பில்" முகவரியே வரும். கையொப்பமும் அனுப்பும் சர்வரும் அந்த ஐடென்டிட்டியுடையவை.

டொமைன் முழுக்க உங்களுடையது என்றால் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். பலர் பணிபுரியும் அலுவலக டொமைனில் போட்டால், சக ஊழியரின் முகவரியும் பொருந்திவிடும், அவர் பெயரில் பதில் கிளம்பும் ஆபத்து உண்டு. அங்கே உங்கள் முகவரிகளை மட்டும் காற்புள்ளி இட்டு ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

ஒரே ஒரு தடவை மட்டும் வேறு முகவரியில் அனுப்ப வேண்டும். அதற்கு?

எழுதும் சாளரத்தில் "ஃப்ரம்" பட்டியலைத் திறந்து, அடியில் இருக்கும் "கஸ்டமைஸ் ஃப்ரம் அட்ரஸ்" என்பதைச் சொடுக்குங்கள். அந்த வரி திருத்தக்கூடியதாக மாறும். அனுப்பும் சர்வர் மட்டும் முன்பு தேர்ந்த ஐடென்டிட்டியுடையதாகவே இருக்கும், மறக்காதீர்கள்.

டொமைன் முகவரியில் அனுப்பினாலும் பெறுபவருக்கு என் ஜிமெயில் முகவரிதான் தெரிகிறது. சில நேரம் அனுப்பவே மறுக்கிறது. ஏன்?

உறையில் எழுதிய முகவரி ஒன்று, போய்ச் சேர்த்த தபால் ஆபீஸ் வேறொன்று. அதுதான் காரணம்.

ஜிமெயிலின் அனுப்பும் சர்வர், அதில் நுழைந்த கணக்குக்குச் சொந்தமில்லாத முகவரி "ஃப்ரம்" வரியில் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பிவிடும். அந்த முகவரியை ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் "சென்ட் மெயில் அஸ்" பகுதியில் சேர்த்துச் சரிபார்த்திருந்தால் மாற்றாது. பல ஹோஸ்டிங் சர்வர்கள் மாற்றுவதில்லை, நேரடியாக மறுத்துவிடும். 550, 553 என்ற எண்ணோடு "சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட்: நாட் ஓன்ட் பை யூசர்" என்பது போன்ற செய்தி வந்தால் இதுதான் பொருள். "ரிலே அக்சஸ் டினைடு" என்று வந்தால் கதை வேறு: சர்வர் உங்களை உள்ளேயே விடவில்லை. அந்த அனுப்பும் சர்வரின் அமைப்பில் "ஆதென்டிகேஷன் மெத்தட்" என்பது "நோ ஆதென்டிகேஷன்" என்று கிடக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது வகை கண்ணுக்கே தெரியாது. அஞ்சல் போய்விடும், ஆனால் ஸ்பாமில் விழும். ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (டொமைன் பெயருக்கான பொது விவரப் பட்டியல்) எழுதி வைப்பது எஸ்பிஎஃப். அனுப்பும் சர்வர் இடும் டிஜிட்டல் கையெழுத்து டிகேஐஎம். இவை இரண்டும் "ஃப்ரம்" வரியோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். தண்டர்பேர்டில் நீங்கள் செய்யக்கூடியது, அந்த டொமைனின் முகவரிக்கு அந்த டொமைனின் சர்வரையே இணைப்பது. டிஎன்எஸ் பதிவுகளை ஹோஸ்டிங் பேனலில்தான் சரிசெய்ய வேண்டும்.

போர்ட் எண்கள் எவை?

போர்ட் என்பது சர்வரின் கதவு எண் போல. ஐமேப் (அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும் முறை): எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்றால் 993, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றால் 143. பாப் (அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை): அதே வரிசையில் 995, 110. அனுப்புவதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் 465, ஸ்டார்ட்டிஎல்எஸ் 587. எண்ணும் பாதுகாப்பு முறையும் ஜோடி மாறிவிட்டால், உதாரணமாக 587ஐ எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்ஸோடு போட்டால், பிழைச் செய்தி வரத் தாமதமாகி, திரை வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். 25 வேண்டாம். வீட்டு இணைய இணைப்புகளில் பல நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன.

கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன், ஜிமெயிலும் அவுட்லுக்கும் ஏற்க மறுக்கின்றன.

வெறும் கடவுச்சொல்லை அவை இப்போது ஏற்பதில்லை. கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30இல் இதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16இல் நிறுத்தியது. தீர்வு ஓஆத்2, அதாவது கடவுச்சொல்லைத் தண்டர்பேர்டிடம் தராமல், கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் நுழைவுச் சாளரத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்கும் முறை. கணக்கின் "சர்வர் செட்டிங்ஸ்" பக்கத்தில் "ஆதென்டிகேஷன் மெத்தட்" என்பதை ஓஆத்2 ஆக்குங்கள். அனுப்பும் சர்வரிலும் தனியாக ஓஆத்2 ஆக்குங்கள். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, "வருகிறது, போகவில்லை" என்று எழுதுகிறார்கள்.

அடுத்து அஞ்சலைச் சரிபார்க்கும்போது கூகுளின் நுழைவுச் சாளரம் திறக்கும். அது திறந்து உடனே மூடிக்கொண்டால், தண்டர்பேர்டின் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் குக்கீகளை ஏற்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு வரும் வில்லங்கம் ஒன்று உண்டு. நுழைவுச் சாளரம் எந்த முகவரிக்காகத் திறந்திருக்கிறது என்று பார்க்காமல், இன்னொரு ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுத்துவிடுவார்கள். கிடைத்த அனுமதிச் சீட்டு வேறு கணக்குடையது, ஆகவே உள்ளே விடாது. "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்" போய், "ஓஆத்" என்று தொடங்கும் அந்த வரியை அழித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறந்து மறுபடி நுழையுங்கள்.

ஓஆத்2 சரிவராத இடங்களில் கூகுளின் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் (ஒரு மென்பொருளுக்கென்று உருவாக்கும் தனிக் கடவுச்சொல்) உதவும். அதற்கு இருபடிச் சரிபார்ப்பு முதலில் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லா இன்பாக்ஸையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

முடியும். இடது பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளிகள், "ஃபோல்டர் மோட்ஸ்", "யூனிஃபைடு ஃபோல்டர்ஸ்". இது பார்வை மட்டும்தான். அஞ்சல்கள் அவரவர் கணக்கிலேயே இருக்கும், பதில் எழுதும்போது சரியான ஐடென்டிட்டியே வரும், தயங்காமல் பயன்படுத்தலாம்.

"குளோபல் இன்பாக்ஸ்" என்பது வேறு. பாப் கணக்குகளுக்கு மட்டும் உரியது. அஞ்சல்களை உண்மையிலேயே ஒரே கோப்புறையில் கொண்டுவந்து கொட்டிவிடும். பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு, யூனிஃபைடு பார்வை இருக்கும்போது இதற்குத் தேவை இல்லை.

டிஃபால்ட் கணக்கை மாற்றுவது?

"அக்கவுண்ட் செட்டிங்ஸ்" பக்கத்தில் கணக்கைத் தேர்ந்து, கீழே "அக்கவுண்ட் ஆக்ஷன்ஸ்", "செட் அஸ் டிஃபால்ட்". இணையப் பக்கங்களில் மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கும்போது திறக்கும் கடிதம் இந்தக் கணக்கிலிருந்தே கிளம்பும். அனுப்பும் சர்வர் பட்டியலுக்கு டிஃபால்ட் தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய அஞ்சல்கள் எங்கேயோ சேமிக்கப்படுகின்றன, சில இரண்டிரண்டாக இருக்கின்றன.

ஒவ்வொரு ஐடென்டிட்டிக்கும் "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" என்று ஒரு பக்கம் உண்டு. அனுப்பியதன் நகல், வரைவு, வார்ப்புரு எங்கே போக வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

ஜிமெயிலின் அனுப்பும் சர்வர் வழியாகப் போகும் அஞ்சலின் நகலைக் கூகுள் தானே எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஐடென்டிட்டிக்கு நகல் வைக்கும் தேர்வை எடுத்துவிடலாம். அதே ஜிமெயில் கணக்கின் கீழ் இருக்கும் டொமைன் ஐடென்டிட்டி தன் சொந்தச் சர்வர் வழியாகப் போனால் நிலைமை தலைகீழ்: கூகுளுக்கு அந்த அஞ்சல் தெரியவே தெரியாது. அதற்கு நகல் தேர்வு கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பியதற்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது.

ஜிமெயிலின் இணையப் பக்கத்தைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஐமேப்பிலும் கோப்புறைப் பெயர்கள் தமிழில் வரும். பிறகு மொழியை மாற்றினால் பெயரும் மாறிவிடும். தண்டர்பேர்டு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால், இதே பக்கத்தில் "அதர்" என்பதைத் தேர்ந்து சரியான கோப்புறையைக் காட்டிக் கொடுங்கள்.

கையொப்பம் பதிலின் அடியில், பழைய கடிதங்களுக்கெல்லாம் கீழே போய்விடுகிறது.

"கம்போசிஷன் அண்ட் அட்ரஸிங்" பக்கத்தில், பதிலை மேற்கோளுக்கு மேலே தொடங்கும் தேர்வை முதலில் மாற்றுங்கள். அதன்பின்தான் கையொப்பத்தை "பிலோ மை ரிப்ளை" என்று வைக்க முடியும். ஒவ்வொரு ஐடென்டிட்டிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் அவருடைய பழைய முகவரி வந்து நிற்கிறது. எப்படி நீக்குவது?

நீங்கள் ஒருமுறை அனுப்பிய முகவரியைத் தண்டர்பேர்டு "கலெக்டட் அட்ரசஸ்" என்ற புத்தகத்தில் தானாகவே சேர்த்துவிடும். எழுத்துப் பிழையோடு அனுப்பியிருந்தால் அந்தப் பிழையும் அங்கேயே தங்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (B) அழுத்தி முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அங்கே தேடி அழியுங்கள். "பர்சனல் அட்ரஸ் புக்"கிலும் அதே முகவரி இருக்கலாம், அதையும் பாருங்கள். சேர்க்கவே வேண்டாம் என்றால் "செட்டிங்ஸ்", "கம்போசிஷன்", "அட்ரஸிங்" பகுதியில் தானாகச் சேர்க்கும் தேர்வை அணைத்துவிடலாம். முகவரிப் புத்தகம் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானது. அலுவலக முகவரியில் எழுதும்போது வீட்டு உறவினரின் பெயர் வந்து நிற்பது இதனால்தான்.

அனுப்புநர் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். "யுவர் நேம்" பெட்டியில் தமிழில் எழுதினால் யூனிகோடில் சரியாகப் போகும். அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியே தமிழில் இருப்பது வேறு விஷயம், அதற்கு வழியில் உள்ள சர்வர்கள் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும்.

"டூ மெனி சைமல்டேனியஸ் கனெக்ஷன்ஸ்" என்று வருகிறது.

தண்டர்பேர்டு ஒரு ஐமேப் கணக்குக்கு 5 இணைப்புகள் வரை திறந்து வைக்கும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15தான் அனுமதிக்கிறது. அலுவலகத்தில் மூன்று கணினிகளில் ஒரே கணக்கைத் திறந்தாலே அந்த 15 இணைப்புகளும் நிரம்பிவிடும், அதன் மேல் கைபேசிகள் வேறு. "சர்வர் செட்டிங்ஸ்", "அட்வான்ஸ்டு" போய் 5ஐ 2 ஆக்குங்கள்.

வட்டில் இடமில்லை. பழைய அஞ்சல்களைத் தானாக அழிக்கும் அமைப்பைப் போடலாமா?

ஐமேப் கணக்கில் போடாதீர்கள். "சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்" பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும், இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்ற தேர்வு, கணினியில் உள்ள நகலோடு நிற்காது, சர்வரில் உள்ள அசலையும் நிரந்தரமாக அழித்துவிடும். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால், அதே பக்கத்தின் மேல்பகுதியில் சமீபத்திய 30 நாள் அஞ்சல்களை மட்டும் கணினியில் வைத்துக்கொள் என்று சொல்லலாம். பழையவை சர்வரில் பத்திரமாக இருக்கும், திறக்கும்போது இறங்கும்.

கணக்கை நீக்கினால் அஞ்சல்கள் போய்விடுமா?

"அக்கவுண்ட் ஆக்ஷன்ஸ்", "ரிமூவ் அக்கவுண்ட்" அழுத்தினால் தண்டர்பேர்டு கேட்கும்: கணக்கு விவரத்தை மட்டும் நீக்கவா, அஞ்சல் தரவையும் நீக்கவா? ஐமேப் என்றால் அஞ்சல்கள் சர்வரில் இருக்கும், கவலை இல்லை. பாப் என்றால் சர்வரில் இல்லாத அஞ்சல்கள் இந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். இரண்டாவது தேர்வை டிக் செய்தால் அவை திரும்ப வராது.

எதை நீக்கும் முன்பும் நகல் எடுத்துவிடுங்கள். "ஹெல்ப்", "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" பக்கத்தில் "ப்ரொஃபைல் ஃபோல்டர்" வரிக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால் கோப்புறை திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுங்கள். கணக்குகள், ஐடென்டிட்டிகள், முகவரிப் புத்தகங்கள், கடவுச்சொற்கள், பாப் அஞ்சல்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. "டூல்ஸ்" மெனுவில் "எக்ஸ்போர்ட்" இருக்கிறது, ஆனால் 2 ஜிபிக்கு மேற்பட்ட ப்ரொஃபைலை அது ஸிப் கோப்பாக்காது. நகலெடுத்த கோப்புறையில் கடவுச்சொற்களும் இருப்பதால், "ப்ரைமரி பாஸ்வேர்ட்" (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் ஒரு கடவுச்சொல்) போடாதவர்கள் அந்த வட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.